ராப் ஜாம்பி: கச்சேரி மேடையிலிருந்து திகில் படம் வரை – ஒரு நிகழ்வு ஆய்வு

2007 ஆகஸ்ட் 31 அன்று 'ஹாலோவீன்' மறுஆக்கம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. செப்டம்பர் முதல் திங்களில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தின வார இறுதி என்றால் பெரிய நிறுவனங்கள் படம் இறக்கத் தயங்கும் நாட்கள். கோடை விடுமுறை முடிந்து எல்லோரும் வெளியூரிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். அந்த நான்கு நாளில் படம் சுமார் 3 கோடி டாலர் வசூலித்தது. அந்த வார இறுதிக்கான சாதனையாக 2021 வரை அது நின்றது. இயக்கியவர் ஒரு ஹெவி மெட்டல் பாடகர். ஒன்பது வருடம் முன்பு அவர் வெளியிட்ட தனி ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது.

ராப் ஜாம்பியைப் பற்றிப் பேசும்போது 'தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவர்' என்று சொல்வது வழக்கம். வேலைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அது பாதிதான் சரி. அவர் மாற்றியது கடையை. சரக்கு நாற்பது வருடமாக ஒன்றேதான். பழைய அரக்கர் படங்கள், நள்ளிரவுத் தொலைக்காட்சியின் மலிவுத் திகில், கார்னிவல் கூடார விளம்பரப் பலகை, கண்ணைப் பறிக்கும் காமிக்ஸ் வண்ணம். இந்த நான்கையும் பாட்டாக விற்றார், வீடியோவாக விற்றார், பேய் வீடாக விற்றார், பிறகு படமாக விற்றார். எந்த இடமாற்றம் ஏன் பலித்தது, எது ஏன் சறுக்கியது என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

சரக்கின் பிறப்பிடம்

1965 ஜனவரி 12, மாசசூசெட்ஸின் ஹேவரில் ஊரில் ராபர்ட் கம்மிங்ஸ் ஆகப் பிறந்தவர். பெற்றோர் கார்னிவலில் வேலை பார்த்தவர்கள். நியூயார்க்கில் பார்சன்ஸ் வடிவமைப்புக் கல்லூரியில் படித்தார். 'பீ-வீஸ் பிளேஹவுஸ்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் தயாரிப்பு உதவியாளராகக் கொஞ்ச காலம் இருந்தார். 1985ல் பேஸ் கிட்டார் கலைஞர் ஷான் இசால்ட்டுடன் சேர்ந்து குழு தொடங்கினார். பெலா லுகோசி நடித்த 1932ஆம் ஆண்டுப் படம் ஒன்றிலிருந்து அதற்கு 'ஒயிட் ஜாம்பி' என்று பெயர் வைத்தார்.

கவனிக்க வேண்டியது இது: இவர் இசைப் பள்ளியில் தேறிவந்தவர் அல்ல, வரைகலை படித்தவர். குழுவின் பெயர் படத்திலிருந்து வந்தது. ஆல்பம் உறையை வரைந்தது பாடகரே. பின்னால் 'பாடகர் இயக்குநரானார்' என்று பத்திரிகைகள் வியந்தன. உண்மையில் படம் வரைகிறவர் ஒருவர் சிறிது காலம் பாடிக்கொண்டிருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

முதல் மாற்றம்: இரைச்சலிலிருந்து தாளத்துக்கு

ஒயிட் ஜாம்பியின் ஆரம்ப வெளியீடுகள் மெட்டலே அல்ல; கீழ் மன்ஹாட்டனின் இரைச்சல் ராக். 1987ல் 'சோல்-கிரஷர்', 1989ல் பில் லாஸ்வெல் தயாரிப்பில் 'மேக் தெம் டை ஸ்லோலி'. விமர்சகர் சிலர் கண்டுகொண்டார்கள், விற்பனை சொற்பம். கெஃபன் நிறுவனத்தில் ஒப்பந்தமாகி, ஆண்டி வாலஸ் தயாரிப்பில் 1992 மார்ச்சில் வந்த 'லா செக்ஸார்சிஸ்டோ'வில்தான் உருவம் திரண்டது. திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு (ரிஃப்) எளிமையாகி, உடம்பு ஆடக்கூடிய தாளத்தின் மேல் உட்கார்ந்தது. பாட்டுக்கு நடுவே பழைய படங்களின் வசனத் துணுக்குகள் சாம்பிளாகச் செருகப்பட்டன. கேட்பவர் காதால் ஒரு மலிவுத் திகில் படத்தைப் பார்த்தார்.

அப்படியும் ஆல்பம் உடனே ஓடவில்லை. குழு ஊர் ஊராகப் பேருந்தில் சுற்றியது. 1993ல் எம்டிவியின் 'பீவிஸ் அண்ட் பட்-ஹெட்' கார்ட்டூனில் அந்த இரண்டு சோம்பேறிப் பையன்களும் 'தண்டர் கிஸ் '65' வீடியோவைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் விற்பனை எகிறியது. கடைசியில் அமெரிக்காவில் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

இதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது தெளிவு. வானொலி கொடுக்காததைக் காட்சி கொடுத்தது. அடுத்த ஆல்பமான 'ஆஸ்ட்ரோ-கிரீப்: 2000' (1995) பில்போர்டு பட்டியலில் 6ஆம் இடம் வரை ஏறியது. அதில் 'மோர் ஹ்யூமன் தேன் ஹ்யூமன்' பாட்டின் வீடியோவை ஜாம்பியே இயக்கினார். அந்த ஆண்டு எம்டிவியின் சிறந்த ஹார்டு ராக் வீடியோ விருது அதற்குத்தான். இசை வீடியோ என்பது மூன்று, நான்கு நிமிடப் படம். நடிகர், ஒளி, ஒப்பனை, வெட்டு எல்லாம் உண்டு. வசனம் மட்டும் கிடையாது. பதிவு நிறுவனத்தின் விளம்பரச் செலவில் இந்தப் பயிற்சி நடந்தது. முழுநீளப் படத்தில் அவருக்கு எது கைவந்தது, எது தடுமாறியது என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது: படம்பிடிப்பு கைவந்தது, வசனம் தடுமாறியது.

இரண்டாவது: குழுவிலிருந்து தனிப் பெயருக்கு

1998 ஆகஸ்ட் 25 அன்று 'ஹெல்பில்லி டீலக்ஸ்' தனி ஆல்பமாக வந்தது. அடுத்த மாதமே ஒயிட் ஜாம்பி கலைந்துவிட்டதாக அறிவிப்பு. அதாவது பழைய படகை விடும்முன் புதிய படகில் கால் ஊன்றியாகிவிட்டது. டிரம்மர் ஜான் டெம்பெஸ்டா கூடவே வந்தார். தயாரிப்பில் ஸ்காட் ஹம்ப்ரி. ஒலி அளவில் 'ஆஸ்ட்ரோ-கிரீப்'புக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. கணினியில் அடுக்கிய தாளம், வசனத் துணுக்கு, ஒற்றை வரிப் பல்லவி. மாறியது உரிமைக் கணக்கு. நான்கு பேர் குழுவில் உறை, மேடை, வீடியோ எல்லாவற்றையும் பேசி முடிவெடுக்க வேண்டும். வருமானமும் பங்கு பிரியும். தனிப் பெயரில் முடிவெடுக்க ஒரே ஆள் போதும். முக்கியமாக, குழுவின் பெயரைப் படச் சுவரொட்டியில் போட முடியாது, ஆள் பெயரைப் போடலாம். பின்னால் 'ராப் ஜாம்பியின்' என்று படத் தலைப்புக்கு மேலே அச்சடிக்க முடிந்ததற்கு அடித்தளம் இந்தப் பிரிவுதான்.

'டிராகுலா' என்று ஒலிக்கும் அவருடைய மிகப் பிரபலமான பாட்டு உண்மையில் 'டிராக்-யு-லா': 1960களின் 'தி மன்ஸ்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் தாத்தா ஓட்டும் பந்தயக் காரின் பெயர். அந்தத் தொடரையே இருபத்துநான்கு வருடம் கழித்து அவர் படமாக்கினார். சரக்கு ஒன்றுதான் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

மூன்றாவது: நடந்து பார்க்கும் படம்

இந்தக் கதையில் எல்லோரும் தாண்டிப் போகும் கட்டம் இது. ஆனால் கீல் இதுதான். 1996ல் 'பீவிஸ் அண்ட் பட்-ஹெட்' முழுநீளப் படத்தின் மாயக்காட்சிப் பகுதிக்கு அவர் வரைந்த உருவங்கள் பயன்பட்டன. 1999ல் ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்காவின் ஹாலோவீன் இரவுகளுக்கு ஒரு பேய் வீடு வடிவமைத்துக் கொடுத்தார்.

பேய் வீடு அமைப்பதற்கென்று ஒரு கணக்கு உண்டு. பார்வையாளர் விடாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். ஒரு அறையில் ஒரு கூட்டம் சில விநாடிகள்தான் இருக்கும். முன்னால் போகிறவர்கள் பயப்படுவதைப் பின்னால் வருகிறவர்கள் பார்த்துவிட்டால் பயம் செத்தது. அதனால் ஒவ்வொரு சில அடிக்கும் வழி திரும்ப வேண்டும், திரை மறைக்க வேண்டும். நடிகர் பாய்ந்து பயமுறுத்தி, பழைய இடத்துக்குத் திரும்பி, அடுத்த கூட்டத்துக்குத் தயாராக வேண்டும். கதை சொல்ல நேரமில்லை. ஒவ்வொரு அறையும் நுழைந்த கணமே புரிகிற ஒரு காட்சியாக இருக்க வேண்டும்: கசாப்புக் கடை, அறுவைக் கூடம், பொம்மை அறை.

முதல் படமான 'ஹவுஸ் ஆஃப் 1000 கார்ப்சஸ்' இதே கட்டமைப்பில்தான் நகர்கிறது. படத்திலேயே கேப்டன் ஸ்பால்டிங் நடத்தும் அருங்காட்சியகத்துக்குள் ஒரு 'கொலை சவாரி' ஓடுகிறது. கதையில் வரும் நான்கு இளைஞர்களும் கொலைகாரர்களின் வீட்டுக்குள் போன பிறகு படம் அறை அறையாகப் போகிறதே தவிர, காரண காரியமாகப் போவதில்லை. விமர்சகர்கள் குறையாகச் சொன்னதும் இதைத்தான், ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்த்ததும் இதற்காகத்தான். படத்துக்கான பேச்சு யுனிவர்சலுடன் தொடங்கியதும் அந்தப் பேய் வீட்டு வேலையின் வழியாகத்தான்.

பெட்டிக்குள் கிடந்த படம்

படப்பிடிப்பு 2000ல் நடந்தது. செலவு சுமார் 70 லட்சம் டாலர். ஒரு பகுதி யுனிவர்சலின் சொந்த வெளிப்புறச் செட்டில் எடுக்கப்பட்டது. நடுநடுவே வரும் கறைபடிந்த துண்டுக் காட்சிகளைப் பிறகு 16 மி.மீ. கேமராவில் ஜாம்பி தனியாக எடுத்துச் சேர்த்தார். 2001ல் முடிந்த படத்தைப் பார்த்த நிறுவனம் கையை விரித்துவிட்டது. அச்சம் ஒன்றுதான்: என்சி-17 சான்றிதழ்.

இது ஏன் அவ்வளவு பெரிய அச்சம்? அமெரிக்காவில் சான்றிதழ் வாங்குவது சட்டக் கட்டாயம் இல்லை; வணிகக் கட்டாயம். 'ஆர்' என்றால் 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் பெரியவருடன் வரலாம். என்சி-17 என்றால் வரவே முடியாது. பெரிய திரையரங்கச் சங்கிலிகள் பல அப்படிப்பட்ட படத்தைத் திரையிட மறுத்தன. பல பத்திரிகைகள் விளம்பரம் வாங்கவில்லை. அன்று வீடியோ வாடகைச் சந்தையில் முதலிடத்தில் இருந்த பிளாக்பஸ்டர் கடைகளின் அலமாரியில் அதற்கு இடமில்லை. சான்றிதழ் இல்லாமலே வெளியிடலாம்தான், ஆனால் கதவுகள் அதேபோல மூடும். பெரிய நிறுவனத்துக்கு 70 லட்சம் டாலர் நட்டம் தாங்கக்கூடியது. பெயர்க் கேடு தாங்க முடியாதது. அந்தக் கணக்கில் படம் பெட்டிக்குள் போனது.

ஜாம்பி உரிமையைத் திரும்ப வாங்கினார். புதிய இயக்குநர்களில் பெரும்பாலோரால் இது முடியாது. ஆல்பம், கச்சேரி, சட்டை விற்பனை என்று வேறொரு வாசலில் பணம் வந்துகொண்டிருந்ததால் அவரால் காத்திருக்க முடிந்தது. எம்ஜிஎம் எடுத்துக்கொண்டு பிறகு கைவிட்டது. கடைசியில் லயன்ஸ் கேட், வெட்டப்பட்ட 'ஆர்' வடிவத்தை 2003 ஏப்ரல் 11 அன்று வெளியிட்டது. 600க்கும் குறைவான அரங்குகள். உலக வசூல் 1.6 கோடி டாலரைத் தாண்டியது. வசூலில் ஏறக்குறையப் பாதி திரையரங்குக்குப் போய்விடும் என்பதால் இதை வெற்றி என்று சொல்வது கொஞ்சம் தாராளம். டிவிடி விற்பனை இருந்த காலம் அது. இப்படிப்பட்ட படங்கள் உண்மையில் பிழைத்தது அங்கேதான்.

2010ல் அதே யுனிவர்சல் பூங்கா, தன் நிறுவனம் வெளியிட மறுத்த அதே படத்தின் பெயரில் ஒரு பேய் வீடு நடத்தி நுழைவுச்சீட்டு விற்றது.

இரண்டாவது படத்தில் திருத்தியவை

'தி டெவில்ஸ் ரிஜெக்ட்ஸ்' (2005) அவருடைய சிறந்த படம் என்பதில் பெரிய தகராறு இல்லை. ஏறக்குறைய அதே பட்ஜெட்டில் என்னென்ன மாற்றினார் என்று பார்ப்பது பலன் தரும்.

முதலில், பேய் வீட்டை விட்டு வெளியே வந்தார். கதை திறந்த சாலைக்கும் பாலைவனப் பகலுக்கும் போனது; 1978ல் நடக்கிறது. நியான் வெளிச்சமும் செட்டும் போய், ஃபில் பார்மெட்டின் ஒளிப்பதிவில் கையில் பிடித்த 16 மி.மீ. கேமரா வந்தது. 16 மி.மீ. பிலிம் மலிவு, கேமரா இலகு, மணல்மணலாகத் தெரியும் படம் அந்தக் காலத்தையும் தானே கொண்டுவந்துவிடும். செலவுக் குறைப்பும் அழகியலும் ஒரே முடிவில் முடிந்தன.

இன்னொன்று, தன் இசையைத் தானே வெளியே நிறுத்தினார். முதல் படத்தில் அவருடைய பாட்டுகள் இருந்தன. இதில் ஆல்மன் பிரதர்ஸ், ஜோ வால்ஷ், லினர்ட் ஸ்கினர்ட் என்று எழுபதுகளின் ராக். உச்சக்கட்டத்தில் 'ஃப்ரீ பேர்ட்' பாட்டு நீளமாக ஓடுகிறது. வசனம் கிட்டத்தட்ட இல்லை. இசை வீடியோவில் பழகிய கை அந்தக் காட்சியில் முழுமையாகத் தெரிகிறது. அதோடு நிற்கவில்லை. படத்தில் வரும் 'பான்ஜோ அண்ட் சல்லிவன்' என்ற கற்பனை நாட்டுப்புற இசைக்குழுவின் பெயரில், ஜெஸ்ஸி டேட்டனை வைத்து நிஜமாகவே ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் படத்துக்கு நான்குக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார்.

இந்தக் காலத்தில் இசைத் தொழிலுக்கு என்ன ஆனது என்பதையும் எழுதியாக வேண்டும். 'தி சினிஸ்டர் அர்ஜ்' 2001 நவம்பர். அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் 2006 மார்ச். அதற்கடுத்தது 2010 பிப்ரவரி. ஒவ்வொரு இடைவெளியிலும் குறைந்தது இரண்டு திரைப்படங்கள். ஆல்பம் வராத வருடங்களில் மேடைக்குழு சிதறுவது இயல்பு. 2005 வாக்கில் கிட்டாருக்கு 'ஜான் 5' என்ற பெயர் கொண்ட கலைஞர் வந்த பிறகே அணி மறுபடி நிலைத்தது. அதே ஜான் 5 பின்னர் ஜாம்பியின் 'தி லார்ட்ஸ் ஆஃப் சேலம்' படத்தின் பின்னணி இசையிலும் பங்கேற்றார். ஒரு கடையின் ஆள் இன்னொரு கடையிலும் வேலை செய்தார்.

அடுத்தவர் வீட்டில் குடியேறுவது

'ஹாலோவீன்' 1.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டு உலகளவில் சுமார் 8 கோடி வசூலித்தது. ஆனால் அது ஜான் கார்பென்டர் 1978ல் உருவாக்கிய உலகம். கார்பென்டரின் முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மயர்ஸ் பயமுறுத்தியதற்குக் காரணம், அவன் ஏன் கொல்கிறான் என்று யாருக்கும் தெரியாதது. ஜாம்பி படத்தின் முற்பாதியை அவனுடைய குழந்தைப் பருவத்துக்குக் கொடுத்தார்: குடிகாரன் வீடு, பள்ளியில் கேலி, மனநலக் காப்பகம். தன் சரக்கான உடைந்த குடும்பமும் அழுக்கு வீடும் உள்ளே வந்தன. பிற்பாதியில் பழைய படத்தை நிமிட வேகத்தில் திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு பாதியும் ஒட்டவில்லை. வெளியீட்டுக்கு முன்பே முடிவுறாத பிரதி ஒன்று இணையத்தில் கசிந்தது. அது திரைக்கு வந்த வடிவத்திலிருந்து சில இடங்களில் வேறுபட்டதால் எது சரி என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

'ஹாலோவீன் 2' அவசரத்தின் பலன். 2009 பிப்ரவரியில் படப்பிடிப்பு தொடங்கி ஆகஸ்ட் 28ல் திரை. ஆறே மாதத்தில் எடுத்து, வெட்டி, ஒலி சேர்த்து முடிக்க வேண்டும். அதே நாளில் முப்பரிமாணத் திகில் படமான 'தி ஃபைனல் டெஸ்டினேஷன்' வந்து இளைஞர் கூட்டத்தை அள்ளிக்கொண்டது. உலக வசூல் 4 கோடி டாலரைத் தொடவில்லை, முந்தையதில் பாதிகூட இல்லை. வெள்ளைக் குதிரையும் கனவுத் தாயுமாக அவர் தன் போக்கில் போயிருந்தார். பார்வையாளர் முகமூடிக்காரனைத் தேடி வந்திருந்தார்கள். படமாக அது முதலாவதைவிட ஒருமைப்பாடு கொண்டது என்றே சொல்ல வேண்டும். தொடர்ச்சிப் படமாக விற்கப்பட்டதுதான் அதற்குக் கேடு.

சுருங்கிய பட்ஜெட், பெருகிய சில்லறை வேலை

பிறகு அளவு சுருங்கியது. 'தி லார்ட்ஸ் ஆஃப் சேலம்' சிறு முதலீட்டில் முழுச் சுதந்திரத்தோடு எடுக்கப்பட்டு 2013ல் வந்தது. திரையரங்கில் 15 லட்சம் டாலர் அளவே கிடைத்தது. '31' படத்துக்கு 2014ல் ரசிகர்களிடமே இணையத்தில் பணம் திரட்டினார். மறுபடியும் என்சி-17, மறுபடியும் வெட்டு, 2016ல் வெளியீடு.

'தி டெவில்ஸ் ரிஜெக்ட்ஸ்' படத்தின் தொடர்ச்சியான '3 ஃப்ரம் ஹெல்' (2019) வேறொரு பாடம். மூன்று கொலைகாரர்களில் ஒருவராக நடித்துவந்த சிட் ஹெய்க் உடல்நலம் குன்றியதால் படப்பிடிப்பு நெருங்கிய வேளையில் கதையையே திருத்த வேண்டி வந்தது. அவருக்கு ஒரு காட்சி மட்டும் வைத்து, ரிச்சர்ட் பிரேக் நடிக்கும் புதிய பாத்திரத்தால் மூன்றாம் இடத்தை நிரப்பினார்கள். வழக்கமான வெளியீடும் இல்லை: செப்டம்பரில் மூன்றே இரவுகள் சிறப்புத் திரையிடல், பிறகு வீட்டுத் திரை. சில நாட்களிலேயே ஹெய்க் காலமானார். மூன்று இரவுத் திரையிடலின் தருக்கம் கச்சேரியின் தருக்கம்தான். இந்தத் தேதியில் வராவிட்டால் இல்லை என்றால், விளம்பரச் செலவு இல்லாமலே ரசிகர் கூட்டம் வந்துவிடும்.

2022ல் 'தி மன்ஸ்டர்ஸ்'. ஹங்கேரியின் புடாபெஸ்டில் செட் போட்டு, யுனிவர்சலின் வீட்டுத்திரைப் பிரிவுக்காக எடுத்தது. அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸிலும் வந்தது. ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, குழந்தைகளும் பார்க்கலாம் என்ற பிஜி சான்றிதழ். மூலத் தொடர் கறுப்பு-வெள்ளை. இது மிட்டாய்க்கடை வண்ணம். சரக்கிலிருந்து வன்முறையை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்குமா என்ற சோதனை இது. அலங்காரம் நின்றது. நகைச்சுவை வசனத்தின் நேரக்கணக்கு நிற்கவில்லை.

கிடைக்காமல் போனவை

செய்யாமல் போன வேலைகளின் பட்டியலும் வழக்கின் பாதி. 1990களின் இறுதியில் 'தி குரோ' தொடரின் அடுத்த படத்துக்குக் கதை எழுதினார், நடக்கவில்லை. பழைய 'தி பிளாப்' படத்தின் மறுஆக்கம் அறிவிக்கப்பட்டது, நடக்கவில்லை. 1970களின் பிலடெல்பியா ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றி 'பிராட் ஸ்ட்ரீட் புல்லீஸ்', நகைச்சுவை நடிகர் கிரௌச்சோ மார்க்ஸின் கடைசி வருடங்களைப் பற்றி ஒரு படம்: இரண்டும் திகிலுக்கு வெளியே இருந்தவை, இரண்டும் அறிவிப்போடு நின்றன.

திகிலுக்கு வெளியே அவருக்குக் கிடைத்தவை சிறியவை. 2010ல் 'சிஎஸ்ஐ: மயாமி' தொடரின் ஒரு பகுதி, தொலைக்காட்சியில் இயக்குநர் விருந்தாளி, வீட்டுக்காரர் எழுத்தாளர். டாம் பாப்பா என்ற மேடை நகைச்சுவையாளரின் நிகழ்ச்சிப் பதிவு ஒன்று. 2011ல் வூலைட் சலவைத் திரவத்துக்கு ஒரு விளம்பரம். அதிலும் அவரிடம் கேட்டது திகில்தான்: துணிகளைச் சித்திரவதை செய்யும் ஒருவன், இருட்டுக் காடு, கம்பியில் இழுபட்டு விரியும் கம்பளிச் சட்டை.